இடப்பக்கம்

"குடும்பத்துல யாருக்காவது மார்புல புற்றுநோய் இருந்ததா?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. வந்தது காலுக்கு.

வலது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு படை. தையல் மெஷின் மிதித்து மிதித்து வந்த காய்ப்பு என்று இரண்டு வருஷம் விட்டிருந்தார். மகள் செண்பகவல்லிதான் பார்த்துவிட்டு, பிடிவாதமாகச் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்து வந்தாள். சதை எடுத்துச் சோதித்தார்கள். தோலில் வரும் புற்றுநோய் என்று இன்று சொல்லியாகிவிட்டது.

அதோடு இந்தக் கேள்வி.

"இல்ல டாக்டர். ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் இல்ல."

பதில் சொன்னது அவர் மனைவி பேச்சியம்மாள்.

டாக்டரம்மா அதை எழுதவில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஒரே கோளாறு ஒருவருக்குத் தோலில் காட்டும், இன்னொருவருக்கு மார்பில் காட்டும் என்றார். பெரும்பாலும் அப்படி இருக்காது. இருந்தால், பிள்ளைகளை இப்போதே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

பிள்ளை என்று அவருக்கு இருப்பது செண்பகவல்லி ஒருத்திதான். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

யோசிக்க ஒன்றுமில்லை.

அவருடைய அக்கா ஆவுடையம்மாள்.

புருஷனை இழந்தவள். ஒரே மகன். பதினாறு வருஷத்துக்கு முன்னால், தம்பியை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊரில் சொன்னார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். ரவிக்கையின் இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னாள்.

"பேச்சிக்குக்கூடத் தெரியக் கூடாது, தம்பி. என்னோட போகட்டும்."

ஆறு ரவிக்கை தைத்தார்.

இரண்டு வருஷத்தில் போய்விட்டாள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

அந்த ஒரே மகன் குற்றாலிங்கத்துக்குத்தான் செண்பகவல்லியைப் பேசியிருந்தது. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாயிற்று.

சொன்னால், செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு போகும். கல்யாணமும் போகலாம்.

சொல்லாவிட்டால்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகு நனைந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் காலில் கட்டு. யாராவது பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். பிடிக்க வேண்டியவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா தாளைப் புரட்டக் கையை நீட்டினார்.

"எங்கக்காவுக்கு இருந்தது."

சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் திடுக்கிடுவாள் என்று காத்திருந்தார்.

அவள் திடுக்கிடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்காவின் உடம்பைக் குளிப்பாட்டியவள் இவள். ஒத்தாசைக்கு வந்த பெண்களை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகக் குளிப்பாட்டினாள். நாத்தனார் மேல் இருந்த பிரியம் என்று அன்று நினைத்திருந்தார்.

பதினான்கு வருஷம்.

ஒரே வீட்டில்.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். எந்த வயதில் வந்தது என்று கேட்டார். முப்பத்தெட்டு. எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னார். அவங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் செண்பகவல்லி சொன்னாள்.

"ஒரு பையன். அவருக்குத்தான் என்னைப் பேசியிருக்கு."

பேனா நின்றது.

குற்றாலிங்கத்துக்கும் அந்தச் சோதனை செய்ய வேண்டியிருக்குமா என்று அவளே கேட்டாள். செய்வது நல்லது என்றார் டாக்டரம்மா. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து பேசினால் இன்னும் நல்லது.

அவனிடமே சொல்லிவிட, செண்பகவல்லி போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேச்சியம்மாள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துப் பேசிக்கொள்ளலாம் என்றாள். குரல் கெஞ்சியது.

மகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கோபமாக இல்லை. வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கதவின் கண்ணாடியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. போன் காதில் இருந்தது. பேசுவது கேட்கவில்லை.

உனக்கு எல்லாம் தெரியுமா என்று அவர் மனைவியைக் கேட்கவில்லை.

அவளும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேசி முடித்துச் செண்பகவல்லி போனை இறக்கினாள். பிறகு, இந்தப் பக்கம் திரும்பாமலே, மாடிப்படியை நோக்கி நடந்தாள்.