சீட்டில் விழுந்த பெயர்

"ஊசி போட்ட புள்ளைக்குத்தான் மிஸ், காதுல சீழ் வடியுது. இன்னும் எத நம்பச் சொல்றீங்க?"

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்ற நிஷாலினி, முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கவே இல்லை. கங்காணி பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தார். இடுப்பில் இரண்டு வயது கேஷானி. பக்கத்தில் மூத்தவன் ஷெல்டன், காதில் பஞ்சோடு.

"காது சீழ் வர்றத இந்த ஊசி கொறைக்கும். வரவே வராதுன்னு நான் சொல்லல" என்றார் மிட்வைப் மிஸ். "இந்தத் தடவையும் பத்து ஊசிதான் வந்திருக்கு. சீட்டுக் குலுக்குனதுல ஒங்க மக பேரு விழுந்திருக்கு. விட்றாதீங்க."

"மூணு வருசத்துக்கு முந்தி இவன் பேரும்தான் விழுந்துச்சு. என்னத்தக் கண்டோம்? பின்னால நின்னு கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறான். பதுளை ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சே என் காலு தேயுது. வேற யாருக்காவது போடுங்க."

காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மரியகொரட்டி, பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"கொரட்டிக்கா, நீங்களே சொல்லுங்க. மலைய விட்டு எறங்குனா அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம் போயிரும்னு அன்னைக்கு நான் வரல. ஒங்க கையிலதானே இவன் ஊசிக் கார்டக் குடுத்தேன்? ஒங்க ஜெஸ்டினுக்குச் சீட்டு விழாட்டியும் எம் புள்ளையத் தூக்கிட்டுப் போனீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்!"

மரியகொரட்டி அடுத்த கோப்பையை எடுத்தாள்.

நிஷாலினி மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "ஷெல்டன் ஐயா பெரிய வீரரு மிஸ். ஊசி போட்ட அன்னைக்கு ஒரு சிணுங்கல் இல்ல, கையில வீக்கம் இல்ல. கொரட்டிக்கா மகன்தான் என்னமோ காய்ச்சல்னு மறுநாள் வரைக்கும் கத்தி, லயத்துல ஒரு வீட்டையும் தூங்க விடல."

வெளியே பந்து உருட்டிக்கொண்டிருந்த ஜெஸ்டின், தன் பேச்சு அடிபட்டதும் சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றான். ஷெல்டன் பஞ்சைத் தடவியபடி சும்மா நின்றான்.

"சரி, ஒங்க இஷ்டம்." மிஸ் பேனாவை எடுத்து, பட்டியலில் கேஷானியின் பெயர் மேல் வைத்தார்.

ஈரக் கை ஒன்று அந்தப் பேனாவைப் பிடித்தது.

"வெட்டாதீங்க மிஸ்" என்றாள் மரியகொரட்டி. "நிஷா, என்னைய என்ன வேணும்னாலும் செய். பாப்பாவுக்கு மட்டும் ஊசியப் போட்டுரு."

"ஏங்க்கா? அந்த ஊசிதான் சரியில்லையே!"

"ஊசி நல்ல ஊசிதான், நிஷா. ஷெல்டன் கார்டக் காட்டி, அத எம் புள்ளைக்குப் போட்டுட்டேன்."