களப்பில் எஞ்சின் தோணி

பறவைகள் சரணாலயக் களப்பில் ஜவ்பர் எஞ்சின் தோணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். கூழைக்கடாக்கள் கூடுகளை விட்டுக் கலைந்து பறந்தன.

கரையில் வனசீவராசிக் காவலர் செபரட்ணம் அவனை மறித்தார்.

"எஞ்சினைக் கழட்டு தம்பி. இஞ்ச ஓடக் கூடாதெண்டு சட்டம்."

"இந்தக் குருவிகளுக்காகவா? ஏலாது!"

"உன்னைப் பற்றிப் பெட்டிசம் வந்திருக்கு."

"ஆர் போட்டது? அவண்ட கைய முறிப்பன்! வெள்ளிக்கிழமை எனக்குக் கலியாணக் காவின். பிறகு நான் பொண்டாட்டிர ஊட்டோட, இந்தக் கரையிலதான். ஒவ்வொரு நாளும் ஓடுவன். என்ன செய்வீங்க?"

செபரட்ணம் பெட்டிசத்தை நீட்டினார். ஜவ்பர் முறைத்தபடியே வாசித்தான்.

'குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து சாகின்றன. எஞ்சினைப் பறிமுதல் செய்யுங்கள். அவர் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறார். எஞ்சினோடு வந்தால் கதவு திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
முனவ்வறா.'