ஐயா உள்ளேதான் இருக்கிறார்

ஒரு பெரிய அரசாங்க ஆபீஸில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. சூப்பிரண்டு ஞானசிகாமணி டீ குடிக்கப் போனாலும் சரி, மச்சினி வளைகாப்புக்கே போனாலும் சரி, அது நாற்காலியின் முதுகில் கிடந்தபடி, ஐயா பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார் என்று ஊரையே நம்பவைக்கும்.

ஒருநாள் அந்தத் துறையின் எண்பதாயிரம் பேருக்கும் புது ஸ்மார்ட் கார்டு வந்தது. ஞானசிகாமணியின் கழுத்தில் பளபளவென்று ஆடிய கார்டைப் பார்த்துத் துண்டு வாயைப் பிளந்தது.

"அண்ணே, உங்களைக் காட்டினதும் வாசல் கதவு தானாத் திறந்துச்சாமே!"

"பின்னே? ஐயா எப்ப வந்தாரு, எப்ப போனாரு, எல்லாம் தலைமை ஆபீஸுக்கே தெரிஞ்சிடும். இனிமே உன் பொய் எடுபடாது தம்பி."

இனி நம்மை மேஜை துடைக்கத்தான் போடுவார்கள் என்று துண்டு நினைத்தது.

அந்த நேரம் ஞானசிகாமணி எழுந்தார். கார்டைக் கழற்றித் துண்டின் மேலேயே மாட்டிவிட்டு, பின்பக்கம் மதில் இடிந்திருந்த சந்து வழியாகச் சந்தைக்கு நடையைக் கட்டினார்.

"அண்ணே, இப்ப ஐயா எங்கே?"

கார்டு திருதிருவென்று விழித்தது. "வாசல் வழியா வெளியே போகலையே. அப்படின்னா... உள்ளேதான் இருக்காரு."

ஜன்னலுக்கு வெளியே புள்ளியாய்த் தேய்ந்துகொண்டிருந்த மனிதரைத் துண்டு பிரமித்துப் பார்த்தது.

"யப்பா! என்னைப் பழக்க அவருக்கு ஒரு வருஷம் ஆச்சு. உங்களை அரை நாள்ல பழக்கிட்டாரே!"