கண்ணுக்குள் பூச்சி

பளார் என்று விழுந்தது அறை. தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாத்துரையின் மூக்குக்கண்ணாடி தெறித்து, மருந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

"என் தம்பி கண்ணைத் திருப்பிக் குடுய்யா!" என்று கத்தினான் ராமையா.

தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொட்டகை வாசலில், கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் பாதி கூடியிருந்தது. ஒருத்தராவது குறுக்கே விழுந்து தடுக்கணுமே? ஊஹூம். யாழ்ப்பாணத்து டிரெசர் அறை வாங்குவதைப் பார்க்க யாருக்குக் கசக்கும்? காய்ச்சல் என்று போனாலும் கொயினா மருந்து, கால்வலி என்று போனாலும் கொயினா, கூடவே நாலு ஏச்சு. அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறியது.

"அண்ணே, வேணாம்ணே..." என்றான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னையா. அவன் கண்ணில் பெரிய கட்டு.

"நீ சும்மா இருடா!"

சின்னையாவுக்குச் சின்னப் பிள்ளையிலேயே அம்மை வந்து ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினான். அந்தக் கண்ணுக்குள்தான் திடீரென்று பூச்சி பறக்க ஆரம்பித்தது. கறுப்பாக ஒன்றிரண்டு. கையால் விரட்டினால் போகாது, பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வரும். கள்ளுக்கடையில் பிடித்த பூச்சி என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

டிரெசரிடம் போனான். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது ஒண்டுமில்லை. எனக்கும் இருக்கு. கண்ணுக்குள்ள இருக்கிற பசையில சின்னத் தும்பு மிதக்குது. அதைப் பாராமல் மரத்தைப் பார்" என்று அனுப்பிவிட்டாராம். தம்பி வந்து சொன்னபோது ராமையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம், கண்ணோரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். ஒன்றிரண்டு பூச்சி போய், மழை ஈசல் மாதிரி ஒரு கூட்டமே பறந்தது.

"டிரெசரைப் பார்த்துட்டு வாரேன்ணே" என்று கிளம்பிய தம்பியை ராமையாதான் மறித்தான்.

"ஒண்ணுமில்லேன்னு வெரட்டி விட்டவன்கிட்ட மறுபடி என்னடா? ஒரு கண்ணை எடுத்த ஆத்தா மறு கண்ணையும் கேக்கிறா. அவ கால்லயே போய் விழுவோம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலில் ஈர வேட்டியோடு தம்பியைப் படுக்க வைத்து அங்கப்பிரதட்சணம். பாதியில் தலை சுற்றி அவன் கிடந்துவிட்டான். ராமையா விடவில்லை. நேர்ந்தது குறையக் கூடாது என்று குனிந்து, தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டிப் புரட்டி, கோயிலைச் சுற்றித் தானே உருட்டிக்கொண்டு போனான். பார்த்த சனம் கண் கலங்கியது. இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று பேசிக்கொண்டது.

விடிந்ததும் சின்னையாவின் கண்ணில் கறுப்பாகத் திரை இறங்கியது. டிரெசர்தான் அவனை ரயிலேற்றி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் திரும்பி வந்தான். இனிப் பார்வை இல்லை.

வேலைக்கு ஆகாதவனைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேற்றி விடுவார். ஊரில் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. ராமையா துரையின் காலில் விழுந்து, "நான் சோறு போடுறேன், எங்கூடவே கெடக்கட்டும்" என்று கெஞ்சி வைத்திருந்தான். அந்த வேதனை முழுக்கத்தான் டிரெசர் கன்னத்தில் இறங்கியது.

"மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா ஏதாச்சும் பார்த்திருக்கலாம்னு ஈப்போ டாக்டர் துரை சொன்னாராமே! மின்னல் வந்தா ஓடி வாடான்னு ஒரு வார்த்தை சொன்னியாய்யா நீ?"

டிரெசர் வாயைத் திறந்தார். பெஞ்சில் இருந்த சின்னையாவைப் பார்த்தார். குனிந்து கண்ணாடியை எடுத்தார்.

"சொல்லேல்லை. என்ர பிழைதான்."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" சனம் கொந்தளித்தது. இந்த ஆளை மாற்றச் சொல்லித் துரையிடம் போவோம் என்று ஒரு குரல் எழுந்தது.

"நானாச்சும் ஆத்தா சன்னதியில என் கையால உருட்டுனேன். படிச்சவன் நீ என்னய்யா செஞ்ச?" ராமையா தரையில் துப்பினான். "த்தூ!"

டிரெசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கட்டை மாற்ற வேண்டும் என்று சின்னையாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சனம் கலைந்தது.

ராமையாவுக்கு முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். தலைக்கு மேலே சன்னல் திறந்திருந்தது. உள்ளே தம்பியின் குரல்.

"அடி பலமாங்கையா?"

"அதை விடு. தலையை ஆட்டாதே."

"மின்னல் தெரிஞ்சா நின்ன எடத்துலேர்ந்து ஓடி வான்னு நீங்க சொல்லித்தான் அனுப்புனீங்க. அத நான் அண்ணங்கிட்டச் சொல்லாம விட்டேன். இன்னைக்கு உங்களை அடி வாங்க வச்சிட்டேன்."

"பறவாயில்லை. துரை கலைச்சு விட்டாலும் நான் வேற தோட்டத்தில பிழைப்பன். உனக்கு அந்த மனுசனை விட்டால் ஆர் இருக்கினம்?"

உள்ளே கட்டுத் துணி கிழியும் சத்தம். பிறகு சின்னையா சொன்னான்:

"அதுக்குத்தாங்கையா கேக்கிறேன். அசையாமப் படுத்திருந்தா இந்தக் கண்ணு தப்பியிருக்கும், கோயில்ல உருண்டதுலதான் உள்ள முழுக்கக் கிழிஞ்சு போச்சுன்னு டாக்டர் துரை சொன்னது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அண்ணனுக்குத் தெரிஞ்சா, உருட்டுன கையை வெட்டிப் போட்டுருவாரு."