ஒத்திகை வீட்டு மருமகள்

"டீச்சர், இந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமைதான் ஒத்திகைக்கு வர முடியும்" என்றான் ஆஞ்சப்பன்.

பவுலினா டீச்சர் பதில் சொல்வதற்குள், மருமகள் கெசியா சமையலறையிலிருந்து வந்து மாமியாரின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள்.

"கேட்டீங்களா அத்தை? இவருக்கு செகண்ட் ஷிஃப்டாம்! ஞாயித்துக்கிழமைதான் வருவாராம்! இவங்களை வெச்சுக்கிட்டு நாடகம் போடணுமா உங்களுக்கு?"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். டீச்சர் மட்டும் சிரித்தபடி, "சரிப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெச்சுக்கலாம்" என்றார்.

எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது.

டீச்சர் முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவர். கணவர் போன பிறகு மூன்று பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். அதற்கு நடுவிலும் எங்கள் ஓசூர் காலனியில் ஆயுத பூஜைக்கு வருஷம் தவறாமல் ஒரு நாடகம். நடிப்பதெல்லாம் எங்களைப் போன்ற ஃபேக்டரி ஆட்கள்தான். பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும். எங்கள் வாயில் தமிழ் வசனத்தை நுழைத்து மேடையேற்றிய புண்ணியவதி அவர். இது நாற்பதாவது நாடகம். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இப்படி ஒரு மருமகளா?

"சாவு சீன்ல நான் அழணுமா டீச்சர்?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"சாவு சீன்ல அழணுமான்னு கேக்கறாங்க அத்தை! இதுகூடத் தெரியாமத்தான் நடிக்க வந்தாங்களா?" கெசியாவின் குரல் மறுபடி உயர்ந்தது.

மாதேஸ்வரியின் முகம் தொங்கிப்போயிற்று.

"அழாதேம்மா, அடக்கிக்கோ. பாக்கறவங்க அழட்டும்" என்றார் டீச்சர், எதுவுமே நடக்காததுபோல.

வெளியே வந்ததும் டீக்கடையில் கூடினோம்.

"ரெண்டு வருஷமாவே இப்படித்தான். நாம பேசறதை அப்படியே திருப்பிச் சொல்லி நக்கல் பண்றா" என்றாள் மாதேஸ்வரி.

"பெத்த தாய் மாதிரி பாத்துக்கவேண்டிய மாமியாரை, மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தறா. கல்மனசுக்காரி" என்றான் ஆஞ்சப்பன்.

"இனிமே ஒத்திகை அந்த வீட்ல வேணாம். யூனியன் ஆபீஸ் மாடி காலியாத்தான் கிடக்குது" என்றேன் நான். நாடகக் குழுவுக்கு நான்தான் செயலாளர். டீச்சரைக் காப்பாற்றிவிட்ட பெருமை அப்போதே எனக்கு வந்துவிட்டது.

மறுநாள் நான் போனபோது டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கெசியா வெலவெலத்துப் போனாள்.

"வேணாண்ணா, இங்கேயே நடத்துங்க. எல்லாருக்கும் நானே காபி போட்டுத் தர்றேன்."

"பரவால்லம்மா. உனக்கும் தொந்தரவு இல்ல, அவங்களுக்கும் நிம்மதி."

"அப்ப நானும் கூட வர்றேன்."

"எதுக்கு? அங்கேயும் வந்து கத்தறதுக்கா?"

அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் டீச்சரை ஆட்டோவில் அழைத்துவந்து மாடியில் உட்கார வைத்தோம். ஏனோ அன்றைக்கு அவர் முகத்தில் பழைய கலகலப்பு இல்லை.

ஆஞ்சப்பன் வசனத்தை ஆரம்பித்தான். நடுவில் இரண்டு பக்கத்தை விழுங்கிவிட்டு முடித்தான். ஒரு வார்த்தை பிசகினாலும் எழுந்து வருகிற டீச்சர், "ம், நல்லா வருது" என்று தலையாட்டினார்.

பின்னாலிருந்து மாதேஸ்வரி கேட்டாள். "டீச்சர், நான் இடது பக்கமா வரட்டுமா, வலது பக்கமா வரட்டுமா?"

டீச்சர் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை பக்கத்தில் வந்து கேட்டாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன் நான். மெஷின் ஓடும்போது அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. எதைச் சொல்வதானாலும் எதிராளியின் முகத்துக்கு நேராகப் போய் நின்று கத்தித்தான் சொல்லவேண்டும். தினமும் செய்கிற வேலை, ஒரு வீட்டுக்குள் நடந்தபோது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டதும் டீச்சர் நோட்டை மூடினார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார். "ரெண்டு வருஷமா ரெண்டு காதும் சரியில்ல. காதுல மெஷின் வெச்சுப் பாத்தேன், ஒரே இரைச்சல். விஷயம் தெரிஞ்சா நீங்கல்லாம் ஒரு சால்வையைப் போத்தி என்னை வீட்ல உக்கார வெச்சிடுவீங்கன்னு பயந்தேன். கெசியாதான், 'நான் பாத்துக்கறேன் அத்தை, கெட்ட பேர் வந்தா எனக்குத்தானே வரும், வரட்டும்'னு சொன்னா."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாதேஸ்வரி அடக்கமுடியாமல் அழுதாள்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு விரைந்தேன். கெசியா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தனியாகப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"அண்ணா, அத்தைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா, நல்லா இருக்காங்க" என்றேன். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஒத்திகை பாதியில நிக்குது. நீ வந்து எங்களைத் திட்டும்மா."