பழுப்பு அட்டை

"கடை கடையா எதுக்கும்மா அலையறே? இந்தா, என்னோடதையே வச்சுக்கோ."

சீனியர் அந்தத் தடிப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் பிள்ளைகளுக்குப் போடுவது போல், மடிப்பு கலையாமல் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தார்.

"அட்டையெல்லாம் போட்டிருக்கீங்களே அண்ணா!"

"கைக்குழந்தை இருக்கிற வீடு. பாலைக் கொட்டிட்டா?"

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வந்ததும் வராததுமாக மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். இடம் ஒன்று, ஆள் இரண்டு. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் வெப்சைட் எந்த ஃபிரேம்வொர்க்கில், அதாவது எந்த அடிப்படை மென்பொருளில், ஓடுகிறதோ, அதில் மூன்று வாரம் கழித்துத் தேர்வு. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கடையில மூணாம் பதிப்பும் இருக்கு, ஆறாம் பதிப்பும் இருக்குண்ணா. இது எந்தப் பதிப்பு?"

"பதிப்பெல்லாம் சும்மா. அட்டையை மாத்தி மாத்தி விக்கறாங்க. உள்ளே சரக்கு ஒண்ணுதான்."

"நீங்க எதைப் படிக்கிறீங்க?"

"எனக்கெதுக்கு புத்தகம்? இருபது வருஷமா இதுலயே ஊறினவன்."

சொல்லிக்கொண்டே காலடியில் வாய் பிளந்து கிடந்த தன் பையை மேசைக்கு அடியில் தள்ளினார்.

அவள் சிரித்தாள். "அந்த வாடிக்கையாளர் பழைய காலத்து ஆளுண்ணா. ஒரு வருஷம் அவர் போனை நான்தான் எடுத்தேன். இன்னும் ஃபேக்ஸ்தான் அனுப்புவார். அவரைப் பத்தி ஒண்ணு..."

ஏனோ பாதியில் நிறுத்தினாள். கண் ஒரு கணம் கீழே போய் வந்தது. "ஒண்ணுமில்லண்ணா. ரொம்ப நன்றி."

அவள் போனதும் சீனியர் பெருமூச்சு விட்டார். அட்டைக்குள் இருந்தது மூன்றாம் பதிப்பு. பதிப்பு விவரம் இருந்த தாளை நேற்றே கிழித்துப் போட்டிருந்தார். புத்தம் புதிய ஆறாம் பதிப்பு அவர் பைக்குள் இருந்தது. இடையில் அந்த ஃபிரேம்வொர்க்கையே தலைகீழாக மாற்றிவிட்டார்கள். பழையதைப் படித்துவிட்டுப் புதியதில் எழுதினால் பாதி ஓடவே ஓடாது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதுக்காரனை இனி எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? அவள் சின்னப் பெண், எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள். மனசாட்சிக்கு இப்படி ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, மூன்று வாரமும் ஆறாம் பதிப்பைக் கரைத்துக் குடித்தார்.

தேர்வன்று இருவருக்கும் ஆளுக்கொரு கணினி. வாடிக்கையாளரின் வெப்சைட்டை அப்படியே அதில் இறக்கி வைத்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் சீனியரின் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். எழுத்துப் பிழையோ என்று அழித்து எழுதினார். மறுபடியும் சிவப்பு. பக்கத்து மேசையில் அவள் தட்டுவது மட்டும் நிற்கவே இல்லை.

மேனேஜர் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன சார், எல்லாம் புது முறையில எழுதியிருக்கீங்க? அவர்கிட்ட ஓடறது இன்னும் பழசுதான். மூணாம் பதிப்புல இருக்குமே, அது. மாத்தலாம்னு சொன்னாலே மனுஷன் அடிக்க வர்றார்."

சாயங்காலம் சீனியர் தன் மேசையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வந்து அந்தப் புத்தகத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள். பழுப்பு அட்டை கசங்கக்கூட இல்லை.

அவர் தலை நிமிரவில்லை. "அங்கே ஓடறது பழசுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வாயெடுத்தேன். அப்பதான் உங்க பைக்குள்ள ஆறாம் பதிப்பைப் பார்த்தேன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்ணா."