மேலே ஒரு லாக், கீழே ஒரு லாக்

கணிதம் யாருக்கும் தலைவணங்காது. ஆண்டவனே நேரில் வந்து நின்றாலும் அதன் விடை மாறாது.

ஆய்வுக்கு அதிகாரி வந்து நின்றால் மாறும்.

அவர் பதினோராம் வகுப்புக் கரும்பலகை முன்னால் நின்றிருந்தார். கையில் சாக்பீஸ். ஆய்வுக்கு வருகிறவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராம். கை சும்மா இருக்கவில்லை.

கணக்கு டீச்சர் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள், தன் வகுப்பிலேயே விருந்தாளி மாதிரி.

எட்டை அடிமானமாகக் கொண்டால் முப்பத்திரண்டின் லாக் என்ன? அதாவது, எட்டை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் முப்பத்திரண்டு வரும்?

எட்டை எட்டால் பெருக்கினாலே அறுபத்து நான்கு ஆகிவிடும். ஆகவே விடை இரண்டைக்கூடத் தொடாது. நேற்றுதான் நடத்தியிருந்தாள்.

அவர் அடிமானத்தைப் பத்துக்கு மாற்றினார். மேலே லாக் முப்பத்திரண்டு. கீழே லாக் எட்டு.

அதுவரை சரி. அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு மேலே இருந்த லாக்கையும் கீழே இருந்த லாக்கையும் அடித்தார்.

ஒரே இழுப்பு.

மிச்சம், முப்பத்திரண்டின் கீழ் எட்டு. விடை நான்கு. அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

வரலாறு படித்த தலைமையாசிரியர் பலமாகத் தலையாட்டினார்.

அவள் கணவனும் மூன்று வயது மகளும் தூத்துக்குடியில். அங்கிருக்கும் கணக்கு டீச்சர் இந்த ஊருக்கு வரச் சம்மதித்துவிட்டாள். இருவரும் இடம் மாற்றிக்கொள்ள இந்த அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“என்னம்மா, சரிதானே?”

முதல் பெஞ்சில் ஃபர்சானாவின் கை பாதி உயர்ந்தது.

டீச்சர் ஒரு பார்வை பார்த்தாள்.

கை அப்படியே போய்த் தலையைச் சொறிந்தது.

“சரிங்க சார்” என்றாள் டீச்சர்.

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இதே கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறாராம். ஒரு டீச்சருக்காவது சட்டென்று பிடிபட்டதில்லையாம். எல்லோரும் குறுக்கே ஏதாவது பேசுவார்களாம்.

சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

“இந்த மாதிரி டீச்சர வெளிய விட்டுட்டு நாம என்ன சார் பண்றது? அந்த மாறுதல் மனுவ நான் நிறுத்தி வச்சிடறேன். பிள்ளைங்க பாவம்.”

தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார். வகுப்பு கைதட்டியது.

அவளும் தட்டினாள்.